நிறமுண்டு, மணமில்லை

1

எங்கள் ஆசிரியர் சங்க மாத இதழைப் பார்த்துக்கொள்ளும் ஜெரால்டு சார் போன மாதம் கேட்டதால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

"டீச்சர், அட்டையிலேர்ந்து அட்டை வரைக்கும் பென்ஷன், டிரான்ஸ்பர், கண்டனத் தீர்மானம். ஒரே அழுகையா இருக்கு. கடைசிப் பக்கத்துக்கு லைட்டா ஒண்ணு குடுங்க. ஒரு சயின்ஸ் வாத்தியார் பொழப்புல அன்னாடம் நடக்குற கூத்து. படிச்சா சிரிக்கணும், அம்புட்டுதான்."

நான் தமிழாசிரியை. பெயர் பொற்கொடி. குளத்தூர்ப் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் வேலை. எனக்குத் தெரிந்த சயின்ஸ் வாத்தியார்களில் சிரிக்க வைக்கத் தெரிந்தவர் எங்கள் வேதியியல் ஆசிரியர் அடைக்கலசாமி ஒருவர்தான். ஆகவே ஒத்துக்கொண்டேன். அவரிடமும் கேட்டேன். "என்னயப் பத்தியா? தாராளமா எழுதுங்க டீச்சர்" என்று சிரித்தார்.

மறுநாள் மாலை பள்ளி விட்ட பிறகு என்னைத் தேடி வந்தார். சிரிப்பு இல்லை.

"எழுதுறதுதான் எழுதுறீங்க, முழுசா எழுதிருங்க" என்றார். ஆய்வகத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். நீங்கள் வாசித்துக்கொண்டிருப்பது அந்தக் கடைசிப் பக்கம்தான். அது ஒரு பக்கத்தில் அடங்கவில்லை. சிரிப்புக்கும் நான் பொறுப்பில்லை.

[அவர் சொல்லாததை நானாக எழுதும்போது இப்படி அடைப்புக்குறிக்குள் போட்டுவிடுகிறேன். எப்போதாவது மறந்துபோனால் மன்னிக்க வேண்டும்.]

2

எப்படித் தொடங்குவது?

முதல் முயற்சி: "ஆய்வகத்தில் அழுகிய முட்டை நாற்றம் எழுந்ததும் பிளஸ் டூ பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலுக்கு ஓட, அடைக்கலசாமி சார் மட்டும் குடுவையின் மேல் குனிந்தபடி —"

விட்டுவிட்டேன். எடுத்த எடுப்பிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது.

இரண்டாவது முயற்சி: "வாசனை என்பது யாதெனில் —"

இதைத் தொடர எனக்கே வெட்கமாக இருந்தது.

மூன்றாவது, ஜெரால்டு சார் கேட்ட மாதிரியே ஒன்று. இதை முழுதாகவே தருகிறேன்.

எங்கள் உடற்கல்வி ஆசிரியர் பிரசாந்த், கோட்டைப்பட்டினத்துக்காரர். லீவுக்கு ஊருக்குப் போய்விட்டு வந்தவர், அடைக்கலசாமிக்கென்று ஒரு பொட்டலம் திருக்கைக் கருவாடு கொண்டுவந்தார். அடைக்கலசாமி அதை ஸ்டாப் ரூம் அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்துவிட்டு மறந்துபோனார். அன்றைக்கு ராத்திரி நல்ல மழை. ஓட்டிலிருந்து ஒழுகிய தண்ணீர் நேராக அந்த அலமாரிக்குள் இறங்கியிருக்கிறது. சனி, ஞாயிறு விடுமுறை.

திங்கட்கிழமை காலை கதவைத் திறந்த இசைவாணி டீச்சர் அப்படியே பின்வாங்கினார். "எலி செத்துக் கெடக்கு, பெரிய எலி" என்றார். தலைமையாசிரியை வந்து, எட்ட நின்று பார்த்துவிட்டு, ஆள் விட்டு ஓட்டைப் பிரிக்கச் சொன்னார். நாங்கள் நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போனோம். மூன்று பூனைகள் வராந்தாவில் வந்து உட்கார்ந்தன.

மதியச் சாப்பாட்டு நேரத்தில்தான் ஒருவரைக் காணோம் என்று தெரிந்தது. எட்டிப் பார்த்தால், ஸ்டாப் ரூமில் அந்த அலமாரிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, ஒரு கையால் தயிர்ச் சோறு சாப்பிட்டபடி மறு கையால் ஸ்லிப் டெஸ்ட் பேப்பரைப் புரட்டிக்கொண்டிருக்கிறார் அடைக்கலசாமி. எங்களைக் கண்டதும் வெளியே வந்தார்.

"என்னா எல்லாரும் அங்கிட்டுப் போயி ஒக்காந்துட்டீங்க? மீட்டிங்கா? என்கிட்ட யாரும் சொல்லலையே?"

மரத்தடியே குலுங்கியது. பிரசாந்த் தரையில் உட்கார்ந்து சிரித்தார். அடைக்கலசாமி எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு அவரும் சிரித்தார்.

ஜெரால்டு சாருக்கு இது போதும். பக்கம் நிறைந்துவிடும்.

ஆனால் அவர் சிரித்தது எங்களுக்குக் கொஞ்சம் பின்னால். பாடம் புரியாத பிள்ளை, பக்கத்துப் பையன் கை தூக்குவதைப் பார்த்துத் தானும் தூக்குமே, அந்த அளவு பின்னால். அதை நான் பார்த்துவிட்டேன். ஆகவே இந்தத் தொடக்கத்தையும் வைத்துக்கொள்ள முடியவில்லை.

3

நடந்தது இதுதான். கொரோனா இரண்டாவது அலையில் அடைக்கலசாமிக்குக் காய்ச்சல் வந்து போனது. வாசனை போனது, வரவில்லை. பலருக்கும் போய் இரண்டு வாரத்தில் திரும்பிய காலம் அது. அவரும் காத்திருந்தார்.

அப்போது அவர் மனைவி அமலராணி குழந்தைக்காகத் திருச்சியில் சிகிச்சை எடுத்துக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி ரொம்ப வருஷம் கழித்து, கடைசியாக ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று எடுத்த சிகிச்சை. மனதை அலட்டிக்கொள்ளாமல் இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஒருநாள் காலை காப்பித் தம்ளரை நீட்டியபடி கேட்டாள்.

"இன்னமும் வாசன தெரியலையாங்க?"

"தெரியுதே. இப்பத்தான் தெரிய ஆரம்பிக்குது."

அவள் முகம் தெளிந்தது.

[இங்கே எனக்கு இந்த மனிதர்மேல் சந்தேகம். அறிவியல் படித்தவர், சோதனையில் தெரியாததை நம்பாதே என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவர், இவ்வளவு அசட்டுத்தனமான பொய் சொல்வாரா? ஒரு வாசகர் இதை ஏற்பாரா? அவரிடமே கேட்டேன்.]

"எப்புடியும் ஒரு வாரத்துல வந்துரும்னு நெனச்சேன் டீச்சர். நம்ம பசங்க சோதனை செய்யாமலே அப்சர்வேஷன எழுதி வச்சுக்குவாங்கல்ல? ரிசல்ட் எப்புடியும் அதுதான வரப்போவுதுன்னு. அந்த மாதிரி எழுதிட்டேன். ரிசல்ட் வரல."

ஒரு வாரம் போய் மாதமாயிற்று. பொய்யும் வீட்டில் ஓர் ஆளாக வளர்ந்துவிட்டது. அமலராணி குழம்பைச் சட்டியிலிருந்து ஊற்றும்போதே அவர் நிறத்தைப் பார்த்துவிடுவார். உப்பும் புளிப்பும் உறைப்பும் நாக்குக்குத் தெரிந்தன. மற்றதெல்லாம் ஈரத்தாளை மென்று விழுங்குவது மாதிரி. "இன்னிக்கு ஏதோ வேற மாதிரி இருக்கே, என்னா போட்ட?" என்பார். அவள் உற்சாகமாகச் சொல்வாள். "அதான பாத்தேன்" என்பார்.

பள்ளிக்கூடத்தில் இன்னும் சுலபம். இதை நான் யோசித்ததே இல்லை: கேள்வி கேட்கிறவனுக்கு விடை தெரியுமா என்று யாரும் கேட்பதில்லை. சோதனைக் குழாயைப் பிள்ளைகளிடம் நீட்டி, "என்ன வாசன வருது?" என்பார். "பழ வாசன சார்" என்பார்கள். "வெரி குட், அப்ப என்ன உருவாயிருக்கு?" வகுப்பு நடந்துவிடும்.*

* அமோனியா மட்டும் தெரிந்தது என்றார். வாசனையாக இல்லை, மூக்குக்குள் ஊசி குத்தின மாதிரி, கண்ணில் தண்ணீராக. "அது ஒண்ணுதான் டீச்சர் என்னய மதிச்சு வருது" என்றார். இதற்குச் சிரிக்கலாமா என்று தெரியாமல் குறிப்பாக இங்கே போட்டிருக்கிறேன்.

திருச்சியில் அவர் ரகசியமாகப் போய்ப் பார்த்த மூக்கு டாக்டர், கிராம்பு, எலுமிச்சை, யூகலிப்டஸ் தைலம், ரோஜா எண்ணெய் என்று நாலு குப்பிகள் வைத்துக் காலையும் மாலையும் முகர்ந்து பழகச் சொன்னார். வீட்டில் வைத்தால் அமலராணிக்குத் தெரிந்துவிடும். எனவே ஆய்வகத்தில், பிள்ளைகள் வருமுன்னால் வந்து, கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாகத் திறப்பார். கிராம்பு எப்படி இருக்கும் என்று முதலில் நினைவிலாவது இருந்தது. பிறகு அந்த நினைவும் அழிந்தது. கிராம்பு என்ற பெயர்தான் மிஞ்சியது.

தன் உடம்பின்மேல் அவருக்குப் பயம் வந்துவிட்டது. நாளைக்கு மூன்று தடவை குளித்தார். ஒருமுறை போட்ட சட்டையை மறுமுறை போடவில்லை. பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் முகத்தைத் திருப்பினால் தன்னால்தானோ என்று இறங்கி அடுத்த பஸ்ஸுக்கு நின்றார். மழை பெய்தால், மற்றவர்கள் மூச்சை இழுத்துக் கண் சொருகுவதைப் பார்த்து, மண்வாசனை வந்திருக்கிறது போல என்று தெரிந்துகொண்டார்.

சிரிப்பு எழுத்தாளர் யாராவது இருந்தால் இந்தப் பத்தியைத் தூக்கி நிறுத்துங்கள்.

4

அமலராணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. சோபியா என்று பெயர் வைத்தார்கள்.

அமலராணிக்குப் பிறந்த ஊர் ஆவூர். ஞானஸ்நானம் அங்கே கோயிலில் நடந்தது. சாமியார் குழந்தையின் தலையில் தண்ணீர் ஊற்றி, பிறகு உச்சியில் கிறிஸ்மா எண்ணெய் பூசினார். ஒலிவ எண்ணெயில் நறுமணத் தைலம் கலந்து மந்திரித்த எண்ணெய். பூசையெல்லாம் முடிந்ததும் பெண்கள் சூழ்ந்துகொண்டு குழந்தையின் தலையை முகர்ந்து முகர்ந்து முத்தமிட்டார்கள்.

"என்னா வாசம்ங்கிறீங்க! எண்ணெ வாசமும் பச்சப்புள்ள வாசமும் சேந்து..."

"மாப்ளே, இங்கிட்டு வாங்க. ஒங்க மகள மோந்து பாருங்க."

அடைக்கலசாமி குனிந்தார். மூக்கை அந்த இளஞ்சூடான உச்சியில் வைத்து இழுத்தார். எண்ணெயின் பிசுபிசுப்பு மூக்கு நுனியில் ஒட்டியது. இன்னொரு தடவை இழுத்தார். உள்ளே போனது வெறும் காற்று. [இத்தனை வருஷம் கேட்டு வாங்கியதன் எதிரே ஒரு சுவர் எழும்பி நின்றது என்று எழுதினேன். அடித்துவிட்டேன். அவர் சொன்னது வெறும் காற்று. அதற்குமேல் எனக்கு எழுதத் தெரியவில்லை.]

அவருக்கு அழுகை வந்துவிட்டது. கோயிலுக்குள்ளேயே, எல்லார் முன்னாலும், தோள் குலுங்க அழுதார். அமலராணி அவர் முதுகில் கை வைத்தாள். அவளும் அழுதாள். அவள் தம்பி சார்லஸ் போனில் அதைப் படம் எடுத்தான். அந்தப் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் குளத்தூர் வீட்டுக் கூடத்தில் மாட்டினாள். வருகிறவர்களிடமெல்லாம் காட்டுவாள். "புள்ளைய மோந்ததும் இவரு அழுததப் பாக்கணுமே. கல்லு மாதிரி இருப்பாரு, அன்னிக்கு..."

ஒவ்வொரு தடவையும் அவர் பக்கத்தில் நின்று தலையாட்டினார்.

5

இந்தப் பகுதியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன்.

சமையல் எரிவாயுவுக்குத் தனியாக வாசனை கிடையாது. கசிந்தால் தெரிவதற்காக ஒரு நாற்றத்தைக் கலந்து அனுப்புகிறார்கள். அடைக்கலசாமி வருஷா வருஷம் நடத்தும் பாடம்.

போன ஐப்பசியில் ஒருநாள் அமலராணி அடுத்த தெருவில் ஒரு வளைகாப்புக்குப் போயிருந்தாள். மழை. ஜன்னலெல்லாம் சாத்தியிருந்தது. அடைக்கலசாமி குழந்தைக்குப் பாலை அடுப்பில் வைத்தார். தூளியில் சோபியா சிணுங்கினாள். போய் ஆட்டினார். பால் பொங்கி வழிந்து அடுப்பை அணைத்தது. அவர் ஆட்டிக்கொண்டே இருந்தார். குழந்தை தூங்கிப்போனது. நன்றாக இருட்டிவிட்டது. எழுந்து லைட் போடப் போனார்.

"தொடாதீங்க!"

அமலராணி வாசலில் நின்றாள். கதவைத் திறந்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. செருப்போடு ஓடி வந்து அடுப்பைத் திருகி மூடினாள். குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு வெளியே ஓடினாள். அவர் இருட்டில் சுவிட்ச் பக்கம் நீட்டிய கையோடு நின்றார்.

"என்னாச்சு?" என்று கேட்டிருக்கிறார். அதுதான் அவரைக் காட்டிக்கொடுத்தது.

வாசலில் தகரக் கொட்டகைக்குக் கீழே நின்றார்கள். குழந்தை நன்றாக மூச்சு விட்டது. விழித்துக்கொண்டு மழையைப் பார்த்தது. ஒன்றும் ஆகவில்லை. கதையாசிரியராக நான் ஏதாவது ஆகவைத்திருக்க முடியும். மாட்டேன்.

"ஒங்களுக்குத் தெரியலையா?" என்றாள் அமலராணி.

அவர் இல்லை என்று தலையசைத்தார்.

"எப்பலேர்ந்து?"

"அப்பலேர்ந்தேதான்."

"கொரோனாவுலேர்ந்தா?"

"ம்."

அவள் கணக்குப் போடுகிறாள் என்று அவர் நினைத்தார். திட்டப்போகிறாள், குழந்தையைக் கொல்லப் பாத்தீங்களே என்று கத்தப்போகிறாள் என்று காத்திருந்தார். அவள் மெதுவாகத்தான் கேட்டாள்.

"அப்ப நான் ஆக்கிப் போட்டதெல்லாம்?"

"அமலா..."

"நல்லாருக்கு நல்லாருக்குன்னு சொன்னீங்களே. என்னா போட்டன்னு கேப்பீங்களே. நான் கூறுகெட்டவ மாதிரி சொல்லிக்கிட்டே இருப்பேனே."

"ஒனக்குக் கவல குடுக்கக் கூடாதுன்னு..."

"கோயில்ல பிள்ள தலைய மோந்துட்டு அழுதீங்களே. அது எதுக்கு?"

மழை தகரத்தில் அடித்தது. அவரால் அதற்குப் பதில் சொல்ல முடியவில்லை. சொல்லியிருந்தால் ஒருவேளை எல்லாம் வேறு மாதிரி போயிருக்குமோ என்று அவர் என்னிடம் கேட்டார்.

மறுநாள் காலை சார்லஸ் காரோடு வந்தான். பத்து நாளைக்குத் துணி எடுத்து வைத்தாள். போகும்போது கூடத்துப் படத்தைக் கழற்றி, கண்ணாடி சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்துவிட்டுப் போனாள்.

பத்து நாள் எப்போதோ முடிந்துவிட்டது.

6

முடிவுகள்.

அ) ஒரு காலை, வழக்கம்போல ஆய்வகத்தில் கிராம்புக் குப்பியைத் திறக்கிறார். ஏதோ ஒன்று. இருட்டறைக்குள் தீக்குச்சி கிழித்த மாதிரி. மூடித் திறக்கிறார். இருக்கிறது! சாக்பீஸ் கையோடு வண்டியை எடுத்துக்கொண்டு ஆவூருக்கு —

ஜெரால்டு சார் இதைக் கட்டம் கட்டிப் போடுவார். ஆனால் இவ்வளவு காலம் கழிந்து திரும்புவது அபூர்வம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஆ) அமலராணி தானாகவே திரும்பி வருகிறாள். கருவாட்டுக் கதையை யாரோ சொல்ல, வயிறு வலிக்கச் சிரிக்கிறாள். சிரிப்பில் கோபம் கரைந்து —

அமலராணியை எனக்குத் தெரியும். அவள் இப்படிக் கரைகிறவள் இல்லை.

இ) அவர் கேஸ் கசிந்தால் அலறும் கருவி ஒன்றை வாங்கிச் சமையலறையில் மாட்டுகிறார். ஆவூருக்குப் போய்ச் சொல்கிறார்.

இது முடிவே இல்லை, நடந்த விஷயம். சார்லஸ்தான் முதலில் பேசினான். "நல்ல ஐடியா மச்சான். நம்ம வீட்டுக்கும் ஒண்ணு மாட்டி விடுங்க."

அமலராணி குழந்தைக்குச் சட்டை மாட்டிக்கொண்டே சொன்னாள். "கேஸு கசிஞ்சா அது கத்தும். நீங்க பொய் சொன்னா எது கத்தும்?"

அவர் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார்.

இது வரைக்கும் எழுதியதை அவரிடம் வாசிக்கக் கொடுத்தேன். நின்றுகொண்டே வாசித்தார். தாளைத் திருப்பித் தரும்போது, மார்க் கூட்டிப் போடச் சொல்லும் பிள்ளையின் குரலில் கேட்டார்.

"டீச்சர், மொத முடிவயே வச்சுக்கலாமே?"

"அது நடக்கலையே சார்."

"கதைதான?"

நான் தாளை வாங்கிக்கொண்டேன். அந்தக் கேள்விக்கு இருபது வருஷமாக வகுப்பில் பதில் சொல்லி வருகிறேன். அன்றைக்குத் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

7

போன ஞாயிற்றுக்கிழமை அவர் மறுபடியும் ஆவூர் போனார். பூசை முடிந்து எல்லோரும் வீட்டுக்கு வந்தார்கள். சோபியா இப்போது நடக்கிறாள். அவரைப் பார்த்து, யாரோ என்று மாமன் காலைக் கட்டிக்கொண்டாள்.

சாப்பிடாமல் கிளம்பப் பார்த்தவரை மாமியார் உட்காரவைத்தார். கறிக்குழம்பு. பரிமாற வந்தது அமலராணி. அவள் வருவாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. சோறு போட்டாள், குழம்பு ஊற்றினாள். அவர் பிசைந்து ஒரு வாய் வைத்தார். நாக்கு தனக்குத் தெரிந்ததைச் சொன்னது. மற்றதைச் சொல்லவில்லை.

அவள் நகரவில்லை. கையில் கரண்டியோடு அங்கேயே நின்று கேட்டாள்.

"எப்புடி இருக்கு?"

அவர் இந்த இடம் வரை சொன்னபோது பீரியட் பெல் அடித்துவிட்டது. எழுந்து வகுப்புக்குப் போனார். அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை. கேட்டால் சொல்வார். ஆனால் அவர் சொல்வதற்குமுன் ஒரு பதிலையாவது நான் கண்டுபிடித்துவிட வேண்டும் என்று ஒரு வாரமாக உட்கார்ந்திருக்கிறேன்.

"நல்லாருக்கு" என்று சொல்லலாம். இத்தனை வருஷம் சொன்ன அதே சொல். இனி உண்மையிலேயே நன்றாக இருந்தாலும் அவரால் அதைச் சொல்ல முடியாது.

"எனக்குத் தெரியல அமலா" என்று சொல்லலாம். அது அவளுக்கே தெரியும். அதைத் தெரிந்துகொள்ளவா கரண்டியோடு நிற்கிறாள்?

"உப்பு சரியா இருக்கு" என்று சொல்லலாம். இதுவரை அவர் சொன்னதில் கலப்படமில்லாத உண்மை இதுவாகத்தான் இருக்கும். [எழுதிப் பார்த்தேன். அவள் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அடித்துவிட்டு வேறு மாதிரி எழுதினேன். அப்போதும் எடுத்துக்கொண்டு போனாள்.]

ஒன்றும் சொல்லாமல் சாப்பிடலாம். அது —

முடியவில்லை. அவள் அவரைச் சோதிக்கிறாளா, தண்டிக்கிறாளா, பழக்கத்தில் வாய்தவறிக் கேட்டுவிட்டாளா என்பதுகூட எனக்குப் பிடிபடவில்லை.

இனி உங்கள் பாடு. அவர் உருட்டிய கவளத்தோடு உட்கார்ந்திருக்கிறார், அவள் நின்றுகொண்டிருக்கிறாள். அவர் வாயில் ஒரே ஒரு சொல்லை வையுங்கள். எந்தச் சொல்லாக இருந்தாலும் சரி. அவள் அதை நம்ப வேண்டும்.